கோல் காப்பாளரிடம் கற்கும் மனத்திண்மை

கனடாவில் வளரும் எம் பிள்ளைகளுக்கு ஹொக்கி அறியாத விளையாட்டன்று. வெக்ஸ்போர்ட் பகுதியில் மாரி காலத்துச் சனிக்கிழமை காலையில், ஒரு கையில் தமிழ்ப் புத்தகப் பையும் மறுகையில் ஹொக்கி மட்டையுமாக வரும் மாணவர்களை நாம் காண்கிறோம். அவர்களுக்குத் தெரிந்தது பனிக்கட்டி ஹொக்கி. அவர்தம் பெற்றோர் பலருக்குத் தெரிந்தது புற்றரை ஹொக்கி. இரண்டுக்கும் களம் வேறு, விதிகள் வேறு. ஆயினும் இரண்டிலும் ஒருவருடைய பணி மட்டும் பெரிதும் ஒத்திருக்கிறது. அவரே கோல் காப்பாளர். அவருடைய பணியிலிருந்து மாணவரும் பெற்றோரும் கற்கத்தக்கது யாது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

காப்பாளரின் தனிமை

புற்றரை ஹொக்கியில் கோல் கம்பங்களுக்கு இடையேயான அகலம் 3.66 மீற்றர், உயரம் 2.14 மீற்றர். கோல் அடிப்பதற்கு உரிய வட்டத்தின் எல்லை 14.63 மீற்றர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து கோலை அடைய ஏறத்தாழ அரை விநாடியே ஆகும். பனிக்கட்டி ஹொக்கியில் கோலின் அகலம் 183 சென்ரிமீற்றர். உயரம் 122 சென்ரிமீற்றர். அங்கே ‘பக்’ எனப்படும் இறுகிய றப்பர் வட்டு இதனினும் விரைவாக வரும்.

கண் கண்டதற்கு உடல் அசையத் தொடங்கவே ஏறத்தாழ ஐந்திலொரு விநாடி கழிந்துவிடுகிறது. ஆகவே பந்தை மட்டும் பார்த்திருப்பவர் அதனைத் தடுத்தல் அரிது. அடிப்பவரின் தோள், இடுப்பு, மட்டையின் சாய்வு ஆகியவற்றைக் கண்டு, பந்து எத்திசையில் வரும் என்பதை முன்கூட்டியே உய்த்துணர வேண்டும். அதற்குத் தெளிந்த மனம் தேவை. சென்ற கோலை எண்ணி வருந்திக்கொண்டிருக்கும் மனம் வரும் பந்தைக் காணாது.

முன்னணி வீரர் பத்து முறை தவறவிட்டு ஒரு முறை கோல் அடித்தால் புகழப்படுகிறார். காப்பாளரோ பத்து முறை தடுத்து ஒரு முறை தவறினால் அந்த ஒன்றே எல்லோர் கண்ணிலும் படுகிறது. பனிக்கட்டி அரங்கில் அவருடைய முதுகுக்குப் பின்னே சிவப்பு விளக்கும் எரிகிறது. தவறிய பின் ஒளிந்துகொள்ள அவருக்கு இடமில்லை. அதே இடத்தில் நின்று அடுத்த பந்தை எதிர்கொள்ள வேண்டும். இதுவே அவருக்கு மனத்திண்மை இன்றியமையாததாகும் காரணம்.

கிழக்கம்பலத்துச் சிறுவன்

இதற்குச் சிறந்த சான்றாக விளங்குபவர் இந்திய அணியின் காப்பாளராக விளங்கிய பி. ஆர். ஸ்ரீஜேஷ். இவர் 1988 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆம் திகதி கேரள மாநிலத்தின் எர்ணாகுளம் மாவட்டத்திலுள்ள கிழக்கம்பலம் என்னும் ஊரில் ஓர் உழவர் குடும்பத்திலே பிறந்தார். பன்னிரண்டு வயதளவில் வீட்டைப் பிரிந்து திருவனந்தபுரத்திலுள்ள ஜி. வி. ராஜா விளையாட்டுப் பாடசாலையின் விடுதியில் சேர்ந்தார். அங்கே பயிற்றுநரின் ஆலோசனைப்படி கோல் காப்பாளரானார். காப்பாளருக்கு வேண்டிய கால் காப்பு, மார்புக் காப்பு, தலைக்கவசம் ஆகியன விலை மிகுந்தவை. அவற்றை வாங்குவதற்காக அவருடைய தந்தையார் வீட்டுப் பசுவை விற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. மலையாளம் பேசி வளர்ந்த அச்சிறுவன் தேசியப் பயிற்சி முகாமில் பந்தோடு மட்டுமன்றி ஹிந்தி மொழியோடும் போராடவேண்டியிருந்தது.

இந்திய மூத்தோர் அணிக்காக அவர் முதன்முதலில் ஆடியது 2006 ஆம் ஆண்டு கொழும்பில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டு விழாவிலாகும். 2014 ஆம் ஆண்டு இஞ்சியோன் ஆசிய விளையாட்டு விழாவின் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியா தங்கம் வெல்ல அவருடைய தடுப்புக்களே பெருங்காரணமாயின. 2016 ஆம் ஆண்டு றியோ ஒலிம்பிக்கில் அவரே அணித் தலைவர்.

வீழ்ச்சியும் மீட்சியும்

புகழின் உச்சியில் இருந்தபோது இடர் வந்தது. 2017 ஆம் ஆண்டு மலேசியாவின் ஈப்போ நகரில் நடந்த அஸ்லான் ஷா கிண்ணப் போட்டியில் அவருடைய முழங்கால் கடுமையாகக் காயமுற்றது. சத்திர சிகிச்சை செய்யப்பட்டது. பல மாதங்கள் களத்துக்கு வர இயலவில்லை. கீழே அமர்ந்தும் பாய்ந்தும் எழுந்தும் பணி செய்யும் காப்பாளருக்கு முழங்காலே மூலதனம். அதனை இழந்தவர் பழைய நிலைக்கு மீள்வாரா எனப் பலரும் ஐயுற்றனர். 2018 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மீண்டும் அணிக்கு வந்தார். அவ்வாண்டு பிரேடா நகரில் நடந்த சம்பியன்ஸ் கிண்ணப் போட்டியில் இந்தியா வெள்ளிப் பதக்கம் பெற்றபோது அவர் கோலைக் காத்து நின்றார்.

ஆயினும் உண்மையான சோதனை தோக்கியோவில் காத்திருந்தது. 2021 இல் நடைபெற்ற அவ்வொலிம்பிக்கில், ஜூலை 25 ஆம் திகதி, அவுஸ்திரேலியா இந்தியாவை 7 – 1 என்ற கணக்கில் வென்றது. உலகமே பார்த்திருக்க ஏழு முறை பந்து வலையைத் தொட்டது. அடுத்த ஆட்டத்துக்கு இடையே இருந்தது ஒரேயொரு நாள். ஜூலை 27 ஆம் திகதி ஸ்பெயினை எதிர்த்து இந்தியா ஆடியது. முடிவு 3 – 0. ஏழு கோல்கள் புகுந்த வலைக்குள் இம்முறை ஒன்றேனும் புகவில்லை.

நாற்பத்தெட்டு மணித்தியாலத்தில் ஒருவருடைய உடல் வலிமை மாறிவிடாது, ஆற்றலும் மாறிவிடாது. முந்திய ஆட்டத்தை முந்திய ஆட்டத்தோடு விட்டுவிட்டு வரும் பயிற்சியே அங்கே துணை செய்தது எனலாம்.

ஓகஸ்ட் 5 ஆம் திகதி வெண்கலப் பதக்கத்துக்காக ஜேர்மனியுடன் ஆட்டம் நடந்தது. 3 – 1 எனப் பின்தங்கிய இந்தியா 5 – 4 என முன்னேறியது. ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தபோது ஜேர்மனிக்கு ஒரு பெனால்டி கோர்னர் கிடைத்தது. அவ்வடியை ஸ்ரீஜேஷ் தடுத்தார். தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் 1980 இல் மொஸ்கோவில் தங்கம் வென்றபின், 41 ஆண்டுகள் கழித்து இந்தியா ஹொக்கியில் ஒலிம்பிக் பதக்கம் பெற்றது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கே தமது இறுதிப் போட்டி என முன்னரே அறிவித்துவிட்டு அவர் களமிறங்கினார். ஓகஸ்ட் 4 ஆம் திகதி பிரித்தானியாவுடனான காலிறுதியில், 17 ஆவது நிமிடத்தில் இந்திய வீரர் ஒருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, எஞ்சிய நேரம் முழுவதும் பத்துப் பேரே ஆடினர். ஆட்டம் 1 – 1 எனச் சமநிலையில் முடிந்தது. பின்னர், ஒவ்வொரு வீரராகப் பந்துடன் ஓடிவந்து எட்டு விநாடிக்குள் காப்பாளரைத் தனியே வெல்ல முயலும் முறையில் இந்தியா 4 – 2 என வென்றது. ஓகஸ்ட் 8 ஆம் திகதி ஸ்பெயினை 2 – 1 என வென்று மீண்டும் வெண்கலம் பெற்றது. அவர் அணிந்த 16 ஆம் இலக்கச் சட்டை மூத்தோர் அணியில் இனி எவருக்கும் வழங்கப்படாது என ஹொக்கி இந்தியா அமைப்பு அறிவித்தது. அவரோ இளையோர் அணியின் பயிற்றுநராகப் பொறுப்பேற்றார்.

மனத்திண்மை என்பது யாது?

அஞ்சாமையே மனத்திண்மை எனச் சிலர் கருதுவர். கவலையே கொள்ளாதிருத்தல் எனச் சிலர் கருதுவர். இரண்டும் முழுமையான விளக்கமன்று. அச்சமும் கவலையும் எல்லோர்க்கும் வரும். வந்தபோதும் செய்யவேண்டிய அடுத்த செயலைச் செய்யும் பழக்கமே மனத்திண்மை. பழக்கம் என்பதனால் அதைப் பயிலவும் முடியும்.

கோல் விழுந்தவுடன் பனிக்கட்டிக் காப்பாளர்கள் பலர் செய்வதை மாணவர்கள் கவனித்திருக்கலாம். சற்றே முன்னே சறுக்கிச் செல்வர், ஒரு மிடறு நீர் அருந்துவர், ஆழ மூச்செடுப்பர், தமது இடத்துக்குத் திரும்பிக் கம்பத்தை மட்டையால் தட்டிப் பார்ப்பர். இவை வீண் சடங்குகளல்ல. சென்றது முடிந்தது, இனி வருவது புதியது என மனத்துக்கு உணர்த்தும் சிறு அடையாளங்கள். ஸ்ரீஜேஷ் ஆடும்போது ஓயாது குரல் கொடுத்துத் தம் அணியினரை வழிநடத்துவார். வாயும் கண்ணும் நிகழ்கின்ற ஆட்டத்தில் இருக்கும்போது மனம் பழையதை நோக்கி ஓடுவதற்கு இடமில்லை.

எமது ரொறன்ரோ நகரிலும் இதற்குச் சான்றுண்டு. பார்படோஸ் நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1975 இல் இங்கே பிறந்தவர் கெவின் வீக்ஸ். 2002 ஆம் ஆண்டு ஸ்ரான்லி கிண்ணப் போட்டிகளில் அவர் கரோலைனா அணியின் மாற்றுக் காப்பாளராக இருந்தார். நியூ ஜேர்சி அணியுடனான தொடர் இழுபறியாக இருந்த வேளையில் அவருக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. ஆறாவது ஆட்டத்தில் ஒரு கோலும் விடாது காத்து 1 – 0 எனத் தொடரை முடித்து வைத்தார். அதே ஆண்டு மொன்றியல் அரங்கில் பார்வையாளர் ஒருவர் அவரை நோக்கி வாழைப்பழம் எறிந்து இனத்தால் இழிவுசெய்ய முயன்றார். அவர் தம் ஆட்டத்தைக் கைவிடவில்லை. ஓய்வு பெற்றபின் நாடறிந்த ஹொக்கி வருணனையாளராகவும் விளங்கினார்.

முகமூடியும் உதவியும்

1959 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1 ஆம் திகதி வரை, வட அமெரிக்கப் பெருங்கழக ஆட்டங்களில் காப்பாளர்கள் முகமூடியின்றி நிற்பதே வழக்கமாயிருந்தது. அன்று நியூயோர்க்கில் மொன்றியல் அணியின் காப்பாளர் ஜாக் பிளான்ரின் முகத்தை வட்டு கிழித்தது. தையல் போட்டபின் முகமூடி இல்லாமல் ஆட மறுத்து, அதை அணிந்தே களம் திரும்பினார். முகமூடி அணிபவன் கோழை என எண்ணிய காலம் அது. அவருடைய பயிற்றுநரும் அதனை விரும்பவில்லை. ஆயினும் அன்று மொன்றியல் வென்றது. அப்பருவத்தில் ஸ்ரான்லி கிண்ணத்தையும் வென்றது. இன்று முகமூடி அணியாத காப்பாளரை எங்கும் காண இயலாது.

முகத்துக்கு முகமூடி போல, மனத்துக்கும் காப்பு உண்டு. சஸ்கச்சுவான் மாகாணத்தைச் சேர்ந்த கொனர் இங்ரம் என்னும் காப்பாளர் 2021 ஆம் ஆண்டு, மனத்தைப் பீடித்த துன்பத்துக்கு உதவி நாடி ஆட்டத்திலிருந்து விலகினார். விரும்பாத எண்ணங்களும் செயல்களும் திரும்பத் திரும்ப வந்து வருத்தும் நோய் அவருக்கு இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்தனர். உரிய சிகிச்சையின் பின் மீண்டு வந்து, விடாமுயற்சிக்காக வழங்கப்படும் பில் மாஸ்ரர்ரன் நினைவுப் பரிசை 2024 இல் பெற்றார். 2025 இல் மீண்டும் அதே உதவியை நாடினார். ஒரு முறை நலமடைந்தவர் இன்னொரு முறை உதவி கேட்பது தோல்வியன்று என்பதையும் அவர் காட்டினார்.

பெற்றோர் கவனத்துக்கு

எமது சமூகத்தில் காய்ச்சலுக்கு மருத்துவரை நாடத் தயங்குவோர் இல்லை. மனம் நோகிறது என்று பிள்ளை சொன்னால், “இதெல்லாம் ஒரு வருத்தமே?” என்று கேட்டுவிடுகிறோம். இதை நாம் மாற்றிக்கொள்ளல் வேண்டும். பிள்ளை உறக்கமின்றி, உணவின்றி, பேச்சின்றி நாட்கணக்கில் இருந்தால், குடும்ப மருத்துவரிடமோ பாடசாலை ஆலோசகரிடமோ அழைத்துச் செல்வது பெற்றோரின் கடமை.

ஆட்டம் முடிந்து வாகனத்தில் வீடு திரும்பும் நேரமும் கவனத்துக்குரியது. அந்நேரத்தில் எத்தனை கோல் விட்டாய் என்று எண்ணுவதும், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் பயன் தரா. பசிக்கிறதா என்று கேட்பது போதும். பசுவை விற்று மகனுக்குக் காப்பு வாங்கிய தந்தையைப் போல எம் பெற்றோரும் பல தியாகங்கள் செய்கின்றனர். அத்தியாகம் பிள்ளைக்குத் துணையாக நிற்கவேண்டும். தலைமேற் கடனாக ஏறக்கூடாது.

மாணவர்க்கு ஒரு சொல்

திருக்குறளின் 63 ஆவது அதிகாரம் ‘இடுக்கண் அழியாமை’. இடுக்கண் என்றால் துன்பம். துன்பமே வராது என்று வள்ளுவர் அவ்வதிகாரத்துக்குப் பெயரிடவில்லை. வந்த துன்பத்தால் அழியாதிருத்தல் என்றே பெயரிட்டார். கோல் காப்பாளருக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பதரிது.

இது ஹொக்கிக்கு மட்டும் உரிய பாடமன்று. தமிழ் வகுப்பில் ஒரு மாணவி ‘ழ’கரத்தைத் தவறாக ஒலிக்கிறாள். யாரோ சிரிக்கின்றனர். அன்றிலிருந்து அவள் தமிழில் வாய் திறப்பதில்லை. அம்மம்மா தொலைபேசியில் கேட்டால் ‘ஓம்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறாள். இப்படி ஒரு சிரிப்பினால் மொழியை இழந்த பிள்ளைகள் எம்மிடையே பலர். ஏழு கோல் விட்ட காப்பாளர் அடுத்த ஆட்டத்துக்கு வந்து நின்றார். ஓர் எழுத்தைத் தவறவிட்டவர் அடுத்த சொல்லைச் சொல்லக்கூடாதா? சொல்லுங்கள். மீண்டும் சொல்லுங்கள். சிரிப்பவர் யாராயினும் அவரைத் திருத்தும் பொறுப்பு ஆசிரியர்க்கும் பெரியோர்க்கும் உரியது.

சிந்திப்பதற்குச் சில வினாக்கள்

1. வரும் பந்தைக் காப்பாளர் எவ்வாறு முன்கூட்டியே உய்த்துணர்கிறார்?
2. 2021 ஜூலை 25, 27 ஆகிய இரு நாட்களின் ஆட்டங்களையும் ஒப்பிட்டு ஐந்து வசனங்கள் எழுதுக.
3. முகமூடி அணிவதும் உதவி கேட்பதும் எவ்வகையில் ஒத்தவை?
4. நீங்கள் தவறு செய்தபின் உங்கள் மனத்தை நிலைப்படுத்தச் செய்யக்கூடிய ஒரு சிறு செயலைக் கூறுக. வீட்டில் பெற்றோரிடமும் இவ்வினாவைக் கேட்டு விடையை எழுதி வருக.