‘அப்டேட்’ ஏன் ஃபெயில் ஆகுது? பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஓட்டுறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

விழுப்புரம், திண்டிவனம், கடலூர் பக்கத்திலிருந்து தினமும் பஸ் பிடிச்சு பாண்டிக்குப் படிக்க வர்றவங்க நம்மள்ல நிறைய பேர். அவங்க வீடுகள்ல அக்காவுக்கோ அண்ணனுக்கோ தமிழ்நாடு அரசு கொடுத்த இலவச லேப்டாப் ஒண்ணு பீரோ மேல தூங்கிட்டு இருக்கும். 2011-ல் தொடங்கின அந்தத் திட்டத்தின் லேப்டாப்கள்ல விண்டோஸோட சேர்த்து ‘பாஸ்’ லினக்ஸும் வந்தது. பாஸ்னா பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சென்னை சி-டாக் உருவாக்கினது, டெபியனை அடித்தளமா வச்சது.

புது லேப்டாப் வாங்க வழியில்லாத வீட்டுல, அந்தப் பழசு ஓடுமா ஓடாதாங்கிறது பெரிய கேள்வி. பைத்தான் லேப், சி ப்ரோக்ராம், மினி ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாத்துக்கும் அது தாராளமா போதும். ஆனா பெரும்பாலும் கதை ஒரே இடத்துல முடிஞ்சுடுது: டெர்மினல்ல அப்டேட் கொடுப்போம், ஸ்க்ரீன் முழுக்க எரர் கொட்டும், “இது அவ்ளோதான்”னு மூடி வச்சுடுவோம்.

அந்த எரர் எந்தப் படியில் வந்ததுன்னு கண்டுபிடிக்கத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. இந்தக் கட்டுரை அதுக்குத்தான். பாஸ், டெபியன், உபுண்டு, மின்ட் எல்லாமே ஒரே குடும்பம்ங்கிறதால, இங்க சொல்றது எல்லாத்துக்கும் பொருந்தும். (கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கேன். டெர்மினல்ல ஆங்கில சின்ன எழுத்தில் தட்டுங்க.)

ஆப்ட் உள்ளே என்ன நடக்குது?

1. சோர்சஸ் ஃபைலைப் படிச்சு, எந்த ரெப்போவுக்குப் போகணும்னு பார்க்கும்.
2. அந்த சர்வர்ல இருந்து பேக்கேஜ் பட்டியலை இறக்கும்.
3. பட்டியலின் கையெழுத்தும் தேதியும் சரியான்னு சோதிக்கும்.
4. எந்தப் பேக்கேஜுக்கு எது தேவைன்னு கணக்குப் போடும்.
5. பேக்கேஜை இறக்கி, டிபிகேஜி கிட்ட கொடுக்கும். அதுதான் பிரிச்சு நிறுவும்.

‘சூடோ ஆப்ட் அப்டேட்’ முதல் மூணு படி. ‘சூடோ ஆப்ட் அப்கிரேட்’ கடைசி ரெண்டு. அதனால அப்டேட் ஃபெயில்னா அட்ரஸ், நெட், தேதி, சாவி இந்த நாலுல ஒண்ணு. அப்கிரேட் ஃபெயில்னா டிபெண்டன்சி, இடம், அல்லது பாதியில் நின்ன வேலை.

இன்னொண்ணு: எப்பவும் முதல் எரரைப் படிங்க. கடைசி வரி “சில ஃபைல்கள் இறங்கல”ன்னு மட்டும்தான் சொல்லும். காரணம் மேல இருக்கும். வரி ஆரம்பத்துல ‘ஈ’ எழுத்து இருந்தா எரர், ‘டபிள்யூ’ இருந்தா வெறும் வார்னிங்.

404 வந்தா: அட்ரஸ் மாறிடுச்சு

நேரு வீதி பிரெஞ்சுக்காரங்க காலத்துல டூப்ளே பேர்ல இருந்தது. இன்னைக்கு பழைய பேரைப் போட்டு பார்சல் அனுப்பினா, அது திரும்பி வந்தாலும் ஆச்சரியமில்ல. 404-ம் அதே மாதிரிதான். நெட் ஓடுது, சர்வர் பதில் சொல்லுது, கேட்ட ஃபைல் மட்டும் அங்க இல்ல.

டெபியன் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ‘டாய் ஸ்டோரி’ படத்துல வர்ற பொம்மைகளின் பேரை வைக்கும். 2011-ல் ஸ்க்வீஸ், 2013-ல் வீஸி, 2023-ல் புக்வார்ம், 2025-ல் ட்ரிக்ஸி. ஒரு வெளியீட்டுக்கு மொத்தம் சுமார் 5 வருஷம் பாதுகாப்பு ஆதரவு. அதுக்கப்புறம் அது மெயின் சர்வர்ல இருந்து ‘ஆர்க்கைவ் டாட் டெபியன் டாட் ஆர்க்’ என்கிற கிடங்குக்குப் போயிடும். உபுண்டுவுக்கு அதே மாதிரி ‘ஓல்ட் ரிலீசஸ்’ சர்வர். எல்டிஎஸ் உபுண்டுவுக்கு 5 வருஷம், மத்ததுக்கு வெறும் 9 மாசம்.

சோர்சஸ் ஃபைல்ல அட்ரஸைக் கிடங்குக்கு மாத்தினா 404 போயிடும். ஆனா அங்க புது பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது. ஒரு பேக்கேஜை எடுக்கவோ, டேட்டாவைக் காப்பாத்தவோ மட்டும் அதைப் பயன்படுத்துங்க. அந்த சிஸ்டத்துல நெட் பேங்கிங் வேண்டாம்.

தேதி தப்புன்னா

பழைய லேப்டாப்ல இதுதான் யாரும் சந்தேகப்படாத காரணம். மதர்போர்டுல இருக்கிற சின்ன சிமாஸ் பேட்டரி தீர்ந்திருந்தா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்போதெல்லாம் கடிகாரம் பல வருஷம் பின்னாடி போயிடும். ஆப்ட் அப்போ “இந்த ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடி ஆகல”ன்னு சொல்லும். ப்ரௌசர்லயும் எல்லா சைட்டும் சர்டிஃபிகேட் எரர் காட்டும்.

‘டேட்’னு தட்டிப் பாருங்க. தப்பா இருந்தா சரியான தேதியை வைங்க, இல்ல ‘டைம்டேட்சிடிஎல்’ மூலமா நெட்ல இருந்து நேரம் எடுக்கச் சொல்லுங்க. நிரந்தரத் தீர்வு பேட்டரி மாத்துறதுதான். பெரும்பாலும் நாணயம் மாதிரி இருக்கிற சிஆர்2032. சில லேப்டாப்ல அதுக்கு ஒயர் சேர்ந்திருக்கும், அதனால கழட்டிப் பார்த்துட்டு வாங்குங்க.

ஹாஸ்டல் வைஃபைல மட்டும் எரர் வந்தா

எரர்ல ‘நோஸ்ப்ளிட்’னு ஒரு வார்த்தையும், நெட்வொர்க்குக்கு லாகின் வேணுமான்னு ஒரு கேள்வியும் இருந்தா, சந்தேகமே வேண்டாம். ஆப்ட் பட்டியலைக் கேட்டிருக்கு, வைஃபை தன் லாகின் பக்கத்தைக் கொடுத்திருக்கு. ப்ரௌசரைத் திறந்து லாகின் பண்ணிட்டு மறுபடி ஓட்டுங்க. உறுதிப்படுத்திக்க, மொபைல் ஹாட்ஸ்பாட்ல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அங்க ஓடினா தப்பு லேப்டாப்ல இல்ல.

‘நோ பப்கீ’ வந்தா

ரெப்போ கையெழுத்து போட்டிருக்கு, அதைச் சரிபார்க்கிற சாவி உங்ககிட்ட இல்ல. நீங்களே சேர்த்த வெளி ரெப்போக்கள்லதான் இது பெரும்பாலும் வரும். முதல்ல, அந்த ரெப்போ இன்னும் தேவையான்னு கேளுங்க. பேக்கேஜ் நிறுவும்போது அதோட ஸ்கிரிப்ட் ரூட் அதிகாரத்துல ஓடும். அதாவது ரெப்போ சேர்க்கிறதுன்னா, வீட்டுச் சாவியை அவங்ககிட்ட கொடுக்கிறது.

தேவைன்னா, சாவியை அந்த மென்பொருளோட அதிகாரப்பூர்வ தளத்துல இருந்து மட்டும் எடுங்க. பழைய வீடியோக்கள் சொல்ற ‘ஆப்ட்-கீ’ கட்டளை ட்ரிக்ஸில இல்லவே இல்ல. ஈடிசி, ஆப்ட், கீரிங்ஸ் ஃபோல்டர்ல சாவியை வச்சு, ‘சைன்டு-பை’ மூலமா அந்த ஒரு ரெப்போவுக்கு மட்டும் அதைக் கட்டுறதுதான் இப்போதைய முறை.

அப்கிரேட்ல மாட்டினா

*லாக் எடுக்க முடியலைன்னா:* பின்னணியில தானியங்கி அப்டேட் ஓடிட்டு இருக்கலாம். டீ குடிச்சுட்டு வாங்க. லாக் ஃபைலை டெலீட் பண்ணச் சொல்ற அறிவுரையைக் கேட்காதீங்க. ரெண்டு வேலை ஒரே நேரத்துல ஓடினா பேக்கேஜ் டேட்டாபேஸ் கெட்டுப்போகும்.

*நடுவுல கரண்ட் போயிட்டா:* ஐப்பசி, கார்த்திகை மழையில நம்ம ஊர்ல இது சகஜம், பழைய லேப்டாப்ல பேட்டரியும் நிக்காது. ஆன் பண்ணி, ‘சூடோ டிபிகேஜி’, இடம் விட்டு ரெண்டு ஹைஃபனோட ‘கான்ஃபிகர்’, இடம் விட்டு ஒரு ஹைஃபனோட ‘ஏ’. பாதியில் நின்னதை அது முடிக்கும். அப்புறம் ‘சூடோ ஆப்ட் ஃபிக்ஸ்-ப்ரோக்கன்’: ஆப்டுக்குப் பின்னாடி ரெண்டு ஹைஃபன் போட்டு, கடைசியில ‘இன்ஸ்டால்’ சேர்க்கணும்.

*இடம் இல்லைன்னா:* ‘டிஎஃப் ஹைஃபன் ஹெச்’ போட்டுப் பாருங்க. பூட் பார்ட்டிஷன் நிறைஞ்சிருந்தா பழைய கர்னல்கள்தான் காரணம். ‘சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்’ அவற்றைத் துடைக்கும்.

*ஹெல்டு ப்ரோக்கன் பேக்கேஜஸ்னா:* ரெண்டு வேற வெளியீட்டின் ரெப்போக்கள் கலந்திருக்கும். ‘ஆப்ட் பாலிசி’யோட பேக்கேஜ் பேரைப் போட்டா, எந்த வெர்ஷன் எந்த ரெப்போவுல இருந்து வருதுன்னு தெரியும். பொருந்தாத ரெப்போவை நிறுத்துங்க. முக்கியமா, ஆப்ட் நீக்கப்போற பட்டியலைப் படிக்காம ‘ஒய்’ அழுத்தாதீங்க. அதுல டெஸ்க்டாப்பே இருக்கலாம்.

சரிபண்றதா, புதுசா போடுறதா?

டெபியன்ல ஒரு வெளியீட்டிலிருந்து அடுத்ததுக்குத்தான் தாவலாம், நடுவுல விட்டுட்டு தாவ முடியாது. ஒரு படி பின்தங்கியிருந்தா அப்கிரேட் பண்ணுங்க: பேக்கப் எடுங்க, வெளி ரெப்போக்களை நிறுத்துங்க, சோர்சஸ்ல பேரை மாத்துங்க, அப்டேட், அப்கிரேட், அப்புறம் ‘ஃபுல்-அப்கிரேட்’. ஸ்க்வீஸ் காலத்து பாஸ்னா புதுசா போடுறதுதான் புத்திசாலித்தனம்.

அதுக்கு முன்னாடி நாலு வேலை:

- லைவ் யூஎஸ்பியில பூட் பண்ணி, போட்டோ, சர்டிஃபிகேட் ஸ்கேன் எல்லாத்தையும் வெளி டிஸ்க்குக்கு மாத்துங்க. அக்காவோட காலேஜ் போட்டோ அதுல மட்டும்தான் இருக்கலாம்.
- ‘எல்எஸ்சிபியூ’ போட்டுப் பாருங்க. 64-பிட் இருந்தா எதையும் போடலாம். 32-பிட் மட்டும்னா டெபியன் 12 வரைக்கும்தான், 13-க்கு 32-பிட் இன்ஸ்டாலர் கிடையாது.
- ரேம் 2 ஜிபின்னா எல்எக்ஸ்டிஇ அல்லது எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் எடுங்க.
- ஐஎஸ்ஓ இறக்கினதும் ‘ஷா256சம்’ சரிபாருங்க. பாதி இறங்கின ஐஎஸ்ஓவால ஃபெயில் ஆகிற இன்ஸ்டால் ஏராளம்.

பழைய டெபியன்ல வைஃபை ஃபர்ம்வேரைத் தனியா தேடணும். 12-லிருந்து அது இன்ஸ்டாலர்லயே இருக்கு, அதனால அந்தத் தலைவலி பெரும்பாலும் இல்ல.

இவ்ளோ பார்த்தும் தீரலைன்னா சீனியர்ஸ்கிட்ட கேளுங்க. கேட்கும்போது “ஒர்க் ஆகல”ன்னு மட்டும் சொல்லாம, எந்த வெளியீடு, என்ன கட்டளை, முதல் எரர் வரி என்ன, இந்த மூணையும் அனுப்புங்க. போனவாட்டி லீவுக்கு ஊருக்குப் போனப்போ பீரோ மேல பார்த்த லேப்டாப்பை, இந்த வாட்டி சார்ஜரோட எடுத்துட்டு வாங்க.