ரிச்சி தெருவுக்குப் போகும் முன்

ஸ்டுடியோக்களிடம் கல்யாணப் படங்களை வாங்கி வீட்டிலேயே எடிட் செய்து கொடுக்கலாம் என்று நினைக்கிற வடசென்னைப் பிள்ளைகள், பழைய கணினியை உடனே தூக்கிப் போட வேண்டாம். அது விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று மட்டும் முதலில் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஏற்காத பெட்டியில் பெரிய பணம் போடாதீர்கள்.

அடுத்து கேபினெட்டைத் திறங்கள். ராயபுரம், காசிமேடு பக்கம் உப்புக்காற்று ரேமின் பொன்னிற முனைகளை மங்கடிக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, அந்த முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டினாலே கணினி அடிக்கடி நின்றுபோவது பல நேரம் சரியாகிவிடும். 2011-ல் சென்னைத் துறைமுகத்து நிலக்கரி எண்ணூருக்கு மாறியது. அந்தப் பக்கம் ஃபேனில் படிவது கரித்தூசும் அனல்மின் நிலையச் சாம்பலும். ஃபேன் அடைத்தால் பிராசசர் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ப்ளோயர் பிடித்து, தெர்மல் பேஸ்ட் மாற்றிவிடுங்கள்.

இதற்குப் பிறகும் இழுத்தால், கை நிறைய ரா ஃபைல்களைத் திறந்துவைத்து டாஸ்க் மேனேஜரைக் கவனியுங்கள். டிஸ்க் நூறைத் தொட்டால் எஸ்.எஸ்.டி. போடுங்கள், மெமரி நிறைந்தால் ரேம். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 எம்.பி. அளவில் படிக்கும், சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. 500-ஐத் தாண்டும். ஃபோட்டோஷாப்புக்கு 8 ஜி.பி. ரேம் குறைந்தபட்சம், 16 இருந்தால் நிம்மதி. கிராபிக்ஸ் கார்டு கடைசி. திருவொற்றியூரில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் கணினிக் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்கு நடந்துவிடலாம். பழைய ரேமைக் கையோடு கொண்டுபோங்கள், டி.டி.ஆர்.3 இருக்கும் இடத்தில் டி.டி.ஆர்.4 பொருந்தாது.

மிச்சப் பணமெல்லாம் மானிட்டருக்கு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மலிவான திரையில் கறுத்த முகங்கள் இருண்டு தெரியும். எடிட்டர் வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டே போவார். ஆல்பத்தில் மணப்பெண் வெளிறிப்போய் நிற்பாள். அவள் நிறம் அவளுடையது, அதைக் கெடுக்க நமக்கு உரிமை இல்லை. ஐ.பி.எஸ். பேனல், எஸ்.ஆர்.ஜி.பி. 99 விழுக்காடு என்று விவரம் போட்டிருப்பதாக வாங்குங்கள். ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். முதல் ஆர்டருக்கு முன் லேபில் ஒரு படம் பிரிண்ட் போட்டுத் திரையோடு ஒப்பிடுங்கள்.

படங்களின் இரண்டாம் பிரதி தனி டிஸ்க்கில், பரண்மேல் இருக்கட்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர் வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த வெள்ளமே புகுந்தது. ஆல்பம் கல்யாண வீட்டார் கைக்குப் போய்ச் சேரும்வரை அசல் ஃபைல் எதையும் அழிக்க வேண்டாம்.