மறுபடியும் படிக்கப் போகிறீர்களா? கையில் வைத்துக்கொள்ளச் சில குறிப்புகள்

பிளஸ் டூ முடித்த கையோடு எனக்குக் கல்யாணம். இருபத்துமூன்று வருஷம் கழித்து, தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தேன். வயசும் மறதியும்தான் தடையாக இருக்கும் என்று பயந்தேன். அலைய வைத்ததோ காகிதங்கள். என்னைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்காக இவை.

1. பத்தாவதும் பிளஸ் டூவும் முறையாகப் பாஸ் செய்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இவை இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று தமிழக அரசு 2009-இல் ஆணை போட்டது. "நேரடியாக டிகிரி வாங்கித் தருகிறோம்" என்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பிளஸ் டூ விட்டுப்போயிருந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதலாம். அங்கே உச்ச வயது வரம்பு கிடையாது. பொதுத்தேர்வும் வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிறது.

2. இனிஷியல்! நம்மில் பெரும்பாலோருக்கு மார்க் ஷீட்டில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் பெயர். வீட்டில் யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. விண்ணப்பத்தில்தான் இது பூதமாகக் கிளம்பும். 2024 முதல் தொலைநிலைப் படிப்பில் சேர டெப் ஐ.டி. என்ற எண் வேண்டும். அதற்கு முன்னால் ஏ.பி.சி. (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) ஐ.டி. எடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஆதாரில் இருக்கும் பெயர்தான் அடிப்படை. ஆகவே மார்க் ஷீட், டி.சி., ஆதார், பான் கார்டு நான்கையும் மேஜையில் வரிசையாக வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். புள்ளி, இடைவெளி உட்பட. அவசரப்பட்டு ஆதாரைத் திருத்த ஓடாதீர்கள். பெயரை மாற்ற வாழ்நாளில் இரண்டு வாய்ப்புதான். எந்தப் பெயரில் பட்டம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, சேர்க்கை தொடங்க மூன்று மாதம் இருக்கும்போதே வேலையை ஆரம்பியுங்கள். பெயரையே மாற்றியிருந்தால் அரசிதழில் வெளியிட்ட நகல் கைகொடுக்கும். இதில் மட்டும் எனக்கு ஒரு சேர்க்கைப் பருவமே போய்விட்டது.

3. மார்க் ஷீட்டை லேமினேட் செய்யாதீர்கள். பின்னால் முத்திரை வைக்கவோ, வெளிநாட்டுக்குச் சான்றொப்பம் வாங்கவோ போனால் சிரமம். பிளாஸ்டிக் உறையில் போட்டு, பூச்சி அரிக்காமல் பக்கத்தில் இரண்டு வசம்புத் துண்டு வையுங்கள். தொலைந்துபோயிருந்தால், படித்த பள்ளியின் தலைமையாசிரியரை முதலில் போய்ப் பாருங்கள்.

4. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் படிப்புக்கும் அந்தப் பருவத்துக்கும் அனுமதி இருக்க வேண்டும். யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பட்டியல் கிடைக்கும். உளவியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து போன்ற படிப்புகளைத் தொலைநிலையில் நடத்த 2025 ஜூலைப் பருவத்திலிருந்து அனுமதியில்லை. பழைய நோட்டீஸைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள்.

5. தமிழ் வழியில் படிக்க நினைப்பவர்களுக்குச் சென்னை சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வசதி. அகில இந்திய அளவில் இக்னோ இருக்கிறது. அதன் பாடநூல்கள் ஈ-ஞானகோஷ் தளத்தில் இலவசம். சேருவதற்கு முன்பே ஒரு பாடத்தைத் திறந்து பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள். அந்த மொழியில் மூன்று வருஷம் தாங்குமா என்று தெரிந்துவிடும்.

6. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடுகிறீர்களா? செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். எனக்குப் போட்டுக் கொடுத்த தம்பி, அவசரத்தில் கடை எண்ணையே கொடுத்துவிட்டார். ஹால் டிக்கெட் எடுக்க வேண்டிய நாளில் கடை பூட்டியிருந்தது, ஓ.டி.பி. அங்கேயே போனது. பாஸ்வேர்டை வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

7. கட்டணத்தைப் பல்கலைக்கழக இணையதளத்திலேயே கட்டி, ரசீதை இரண்டு ஜெராக்ஸ் எடுங்கள். இடைத்தரகர் கையில் ரொக்கம் வேண்டாம்.

8. கை பழக வேண்டும். வருஷக்கணக்கில் மளிகைச் சீட்டு மட்டுமே எழுதிய விரல்கள், மூன்று மணி நேரம் பரீட்சை எழுதினால் மரத்துப்போகும். சேர்ந்த நாளிலிருந்தே தினம் ஒரு பக்கம் எழுதுங்கள். ஒப்படைப்புகளை அலட்சியம் செய்யாதீர்கள். இக்னோவில் பெரும்பாலான பாடங்களில் நூற்றுக்கு முப்பது அதற்குத்தான், எழுத்துத் தேர்வுக்கு எழுபது. ஒரு தாள் போனாலும் மனம் தளர வேண்டாம். மூன்று வருஷப் பட்டத்தை ஆறு வருஷத்துக்குள் முடிக்கலாம்.

9. இக்னோவில் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். ஜூனில்தான் பள்ளிகள் திறக்கும், டிசம்பரில் மார்கழி. பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போடுவது, சீருடை தைக்கக் கொடுப்பது எல்லாவற்றையும் மே முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். தேர்வு அட்டவணையைச் சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மாமியார் சீமந்தத்துக்கு நாள் குறித்தார்.