அந்த நட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

கேள்வி: திருநெல்வேலியில் ஒரு சர்வீஸ் சென்டரில் என் காரை வீல் அலைன்மென்ட்டுக்கும், நான்கு டயரையும் இடம் மாற்றிப் போடவும் விட்டேன். பில் 2,360 ரூபாய். பதினேழு நாள் கழித்து, அம்மாவைக் கண் பரிசோதனைக்கு மதுரைக்கு அழைத்துப் போகும்போது சாத்தூர் தாண்டிப் பஞ்சர். ஸ்டெப்னி மாற்றப் பார்த்தால் மூன்று நட்டு கழன்றது, லாக் நட்டு மட்டும் அசையவில்லை. டூல் கிட்டில் இருந்த அதன் சாவியில் விரிசல். நட்டின் தலையும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. வண்டியை ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவர 4,500 ரூபாய் ஆனது. சர்வீஸ் சென்டரிலோ, "ஏதோ பஞ்சர் கடையில் கொடுத்துக் கெடுத்திருக்கிறீர்கள். கழற்ற 6,000 ஆகும், அலாய் கீறினால் நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள். வண்டியை எடுக்கும்போது 'திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேனாம். இடையில் நான் எந்தக் கடைக்கும் போகவில்லை. ஒரு நட்டுக்காக வழக்குப் போட முடியுமா ஐயா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: போடலாம். ஆனால் சட்டப் பிரிவுகளைச் சொல்வதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த நட்டை இன்னும் யாரும் கழற்றவில்லை என்றால், நான் கீழே சொல்வதைச் செய்து முடிக்கும்வரை கழற்ற விடாதீர்கள். உங்கள் வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது.

அலாய் வீல் திருட்டுக்குப் பயந்து சக்கரத்துக்கு ஒன்றாக மாட்டுவது லாக் நட்டு. அதன் தலையில் உள்ள வடிவத்துக்குப் பொருந்தும் சாவியைப் போட்டால்தான் திரும்பும். சாவியை நேராக உட்காரவைத்து, கையால் ஸ்பேனர் போட்டுத் திருப்ப வேண்டும். இந்த நட்டு செய்கிறவர்களே இதற்கு ஏர் கன் போடக்கூடாது என்று எச்சரிக்கிறார்கள். அவசரத்தில் பட்டறைப் பையன் ஏர் கன்னை வைத்து அடித்தால், நட்டு அளவுக்கு மீறி இறுகும், சாவியின் பல் விரியும், தலையின் வடிவம் மழுங்கும். வெளியே பார்க்க எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். அடுத்த பஞ்சர் வரும்வரை வண்டிக்காரருக்குத் தெரியவே தெரியாது. அந்தக் கையெழுத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பது இதனால்தான். கண்ணுக்குத் தெரியாத பழுதைப் பார்த்துத் திருப்தி அடைந்ததாக யாரும் சொல்ல முடியாது.

இனி எதிர்த்தரப்பு வாதத்துக்கு வருகிறேன். "பஞ்சர் கடை செய்தது" என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு முறையீடு செய்பவருடையது என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பதினேழு நாள் இடைவெளியை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

இதற்குப் பதில் மற்ற மூன்று சக்கரங்களில் இருக்கிறது. பஞ்சர் கடைக்காரர் தொடுவது ஒரே ஒரு சக்கரத்தை. டயர் இடம் மாற்றுகிறவர் நான்கையும் கழற்றி மாட்டியாக வேண்டும். நான்கு லாக் நட்டுகளிலும் ஒரே மாதிரி தேய்மானம் இருந்தால், அது ஒரே கை, ஒரே நாளில் செய்த வேலை என்று யாருக்கும் புரியும். ஆகவே நான்கையும் தேதி தெரிய நெருக்கமாகப் படம் எடுங்கள். சாவியின் விரிசலையும் எடுங்கள். வண்டியின் கிலோமீட்டரை எடுத்து, ஜாப் கார்டில் உள்ள கிலோமீட்டரோடு பக்கத்தில் வையுங்கள். சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கை வரவழைத்து, சாதாரண நட்டுகள் எவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்று டார்க் ரென்ச் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் காருக்கான அளவு கையேட்டில் இருக்கும். சில நாள் ஓடிய நட்டு கழல்வதற்குக் கொஞ்சம் கூடுதல் பலம் கேட்பது இயல்பு. ஆனால் இரண்டு மடங்கு கேட்டால் அது இயல்பில்லை. அவர் கண்டதை லெட்டர் பேடில் எழுதிக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே சக்கரத்தில்தான் தேய்மானம் என்று தெரிந்தால் உங்கள் வழக்கு பலவீனமாகும். அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

பிறகு கழற்றலாம். வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இழப்பைக் குறைக்க உங்கள் கையில் இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு சொல்கிறது. முதலில், சாவியோடு வந்த குறியீட்டு எண் அட்டையையும் ஆர்.சி.யையும் காட்டி, டீலரிடம் மாற்றுச் சாவி கிடைக்குமா என்று கேளுங்கள். நட்டின் தலை முழுக்க மழுங்கியிருந்தால் சாவி பயன்படாது. அப்போது, உட்புறம் இடது மரை போன்ற வெட்டுகள் உள்ள எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்டை நட்டின் மேல் சுத்தியலால் அடித்து இறக்கித் திருப்புவார்கள். திருப்பத் திருப்ப அது இன்னும் கடித்துப் பிடிக்கும். கொஞ்சம் சிறிய பன்னிரண்டு முனை சாக்கெட்டை அடித்து இறக்குவதும் உண்டு. வேறொரு நட்டை அதன் தலையில் வெல்டிங் வைக்கும் முறையைக் கடைசிக்கும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சூடு அலாயின் பெயிண்ட்டையும் உள்ளே இருக்கும் பேரிங்கையும் பதம் பார்த்துவிடும். வேலை முழுவதையும் கைபேசியில் வீடியோ எடுங்கள். கழற்றிய நான்கு நட்டையும், எது எந்தச் சக்கரம் என்று எழுதி, தனித்தனி உறையில் போட்டு ஒட்டுங்கள். ஸ்டட் முறிந்தால் அதுவும் உறைக்குள் போக வேண்டும். என்னிடம் வந்த ஒருவர் நல்ல வழக்கைக் கையில் வைத்துக்கொண்டு, உடைந்த பாகத்தைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தார். திரும்பப் போனபோது அது காயலான் கடைக்குப் போயிருந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? வண்டியை வேலைக்கு விட்டால், அது நம்பி ஒப்படைத்த பொருள். அதைத் தன் சொந்தப் பொருளை ஒரு விவேகமுள்ள மனிதர் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதே 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு கட்டாயப்படுத்துகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் 2(11) பிரிவின்படி, செய்த வேலையின் தரத்திலோ முறையிலோ உள்ள எந்தக் குறையும் சேவைக் குறைபாடு. பில்லில் அச்சிட்ட 'பொறுப்பில்லை' என்ற வரியைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். கவனக்குறைவுக்கு அது கேடயம் ஆகாது என்று வாதிட உங்களுக்கு முழு இடம் உண்டு. அந்தப் பட்டறைக்குள் எந்தக் கருவியை எடுத்தார்கள் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். நீங்கள் முதல்கட்டச் சான்றுகளை வைத்துவிட்டால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

முதலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான சான்றுடன், எளிய தமிழில், பதினைந்து நாள் கெடு வைத்து எழுதினால் போதும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம். பல சிறு தகராறுகள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே வாதாடலாம். சம்பவம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

கேட்க வேண்டியவை: சர்வீஸ் தொகை, ஏற்றிவந்த 4,500, கழற்றிய செலவு, புதிய லாக் நட்டு செட், மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. வயதான தாயோடு நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றதை முறையீட்டில் விரிவாகவே எழுதுங்கள். அதைச் சின்ன விஷயமாக நினைத்துத்தான் "ஒரு நட்டுக்காகவா" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது சின்னதாகத் தெரியவில்லை.

ஒருவேளை அதே சர்வீஸ் சென்டரில்தான் கழற்ற வேண்டியிருந்தால், வேலைக்கான கூலியைத் தரும்வரை வண்டியைப் பிடித்துவைக்க அவர்களுக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவில் உரிமை உண்டு. சண்டை போடாமல் பணத்தைக் கட்டி, பில்லில் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, நகலை வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற மூன்று சக்கரங்களின் லாக் நட்டும் மாறும்வரை, அம்மாவை மதுரைக்கு ரயிலில் கூட்டிப் போங்கள்.