வீடியோ எடிட்டிங் சாப்ட்வேர்: தொழிலுக்கு எடுக்கும் முன் ஆறு சோதனைகள்

கம்ப்யூட்டர் வாங்கிச் சில மாதங்கள் ஆனவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "திருமண வீடியோ, காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா என்று எடிட்டிங் வேலை எடுத்துச் செய்யலாம் என்று இருக்கிறேன். எந்த சாப்ட்வேர் நல்லது?" என்பார்கள். பெயரை மட்டும் சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். நான் உடனே பெயர் சொல்வதில்லை. எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்றுதான் சொல்வேன். அதையே இங்கே விளக்கமாகத் தருகிறேன்.

வீட்டில் பொழுதுபோக்காக எடிட் செய்வதற்கும், பணம் வாங்கிக்கொண்டு செய்வதற்கும் வேறுபாடு உண்டு. நம் குழந்தையின் பிறந்த நாள் வீடியோ பாதியில் கெட்டுப் போனால் நமக்கு மட்டும்தான் வருத்தம். மற்றவர் வீட்டுத் தாலி கட்டும் காட்சி கெட்டுப் போனால் அதை மறுபடி எடுக்க முடியாது. எனவே தொழிலுக்கு வரும் சாப்ட்வேரில் நாம் முதலில் பார்க்க வேண்டியது நம்பகம். அதில் எத்தனை எபெக்ட் இருக்கிறது என்பதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

நம்பகம் என்றால் என்ன?

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன். ஒன்று, வேலையின் நடுவே அடிக்கடி நின்று போகக் கூடாது. இரண்டு, மின்சாரம் போனாலும் செய்த வேலை காணாமல் போகக் கூடாது. மூன்று, திரையில் பார்த்தது அப்படியே இறுதி பைலிலும் வர வேண்டும். நான்கு, வாடிக்கையாளர் ஒரு வருடம் கழித்து வந்து, "இந்தப் பாட்டை மட்டும் மாற்றித் தாருங்கள்" என்று கேட்டால் பழைய பிராஜக்ட் திறக்க வேண்டும்.

நான்காவது விஷயத்தைப் புதியவர்கள் யோசிப்பதே இல்லை. இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2000ல் விண்டோஸ் மில்லேனியத்துடன் மூவி மேக்கர் என்ற இலவச புரோகிராமைத் தந்தது. எடிட்டிங் என்றால் என்ன என்பதைப் பலர் அதில்தான் கற்றுக் கொண்டார்கள். 2017 ஜனவரியில் அதை டவுண்லோட் செய்யும் வசதியை நிறுவனம் நிறுத்திக்கொண்டது. புதிய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் தங்கள் பழைய பிராஜக்ட் பைல்களை எதில் திறப்பது என்று தேட வேண்டியதாயிற்று.

இரண்டாவது, 2011 ஜூனில் ஆப்பிள் வெளியிட்ட பைனல் கட் புரோ எக்ஸ். அதற்கு முந்தைய ஏழாம் பதிப்பைப் பல திரைப்பட, தொலைக்காட்சி எடிட்டர்கள் நம்பியிருந்தார்கள். புதிய பதிப்போ பழைய பிராஜக்ட்களைத் திறக்கவில்லை. பல கேமராக் காட்சிகளைச் சேர்த்து எடிட் செய்யும் மல்டிகேம் வசதியும் அதில் இல்லை. 2012 ஜனவரியில்தான் அது வந்து சேர்ந்தது. இதனால் வேறு சாப்ட்வேருக்கு மாறியவர்கள் பலர். இன்று அது நல்ல சாப்ட்வேர்தான். ஆனால் பெரிய நிறுவனத்தின் பெயர் மட்டும் நம் பிராஜக்டைக் காப்பாற்றாது என்பதற்கு இது உதாரணம்.

முதலில் கம்ப்யூட்டரைப் பாருங்கள்

சாப்ட்வேர் மீது சொல்லப்படும் குறைகளில் பல, உண்மையில் கம்ப்யூட்டரின் குறைகள். தொழிலுக்கு 16 ஜி.பி. ராம் நினைவகம் வேண்டும். 32 இருந்தால் வசதி. தனி கிராபிக்ஸ் கார்டு இருப்பது நல்லது. விண்டோஸ் ஒரு எஸ்.எஸ்.டி. டிரைவிலும், வீடியோ பைல்கள் வேறொரு டிரைவிலும் இருக்கட்டும்.

இடம் எவ்வளவு தேவை என்பதை நீங்களே கணக்கிடலாம். கேமரா நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே வீடியோ பதிவு செய்கிறது என்று வைத்துக் கொள்வோம். எட்டு பிட் ஒரு பைட். எனவே நொடிக்கு 12.5 எம்.பி. ஒரு மணி நேரத்திற்கு 45 ஜி.பி. இரண்டு கேமராவில் ஆறு மணி நேரம் எடுத்தால் 540 ஜி.பி. ஆகிவிடும். இதற்கு ஒரு பிரதியும் வேண்டும். பிரதி எடுக்காமல் எடிட்டிங் தொடங்க வேண்டாம்.

இனி சோதனைகள்

எந்த சாப்ட்வேராக இருந்தாலும் அதன் இலவசப் பதிப்பையோ சோதனைப் பதிப்பையோ இன்ஸ்டால் செய்து, கீழே உள்ளவற்றைச் செய்து பாருங்கள். நிறுவனம் தரும் மாதிரி வீடியோவை எடுக்காதீர்கள். உங்கள் கேமராவில், உங்கள் மொபைல் போனில் எடுத்ததையே எடுங்கள்.

1. பைல் திறக்கிறதா? கேமரா, மொபைல், டிரோன் என்று நீங்கள் பயன்படுத்தப் போகும் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பைலை உள்ளே கொண்டு வாருங்கள். படம் வந்து ஒலி வராமல் போவதும், ஒலி மட்டும் வருவதும் உண்டு. இப்போதைய போன்கள் எச்.இ.வி.சி. என்ற முறையில் பைலைச் சுருக்கிப் பதிகின்றன. இடம் மிச்சமாகும், ஆனால் அதை விரித்துக் காட்ட கம்ப்யூட்டர் அதிகம் உழைக்க வேண்டும். படம் திக்கித் திணறி ஓடினால் பிராக்ஸி வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இது, எடிட்டிங்கிற்கு மட்டும் சிறிய அளவில் ஒரு நகலை உருவாக்கிப் பயன்படுத்தும் முறை. இறுதியில் சாப்ட்வேர் தானாகவே அசல் பைலை எடுத்துக் கொள்ளும்.

2. கடைசி வரை ஒலி பொருந்துகிறதா? மொபைலில் 40 நிமிடம் தொடர்ந்து பதிவு செய்யுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஒருவரைக் கேமரா முன் கைதட்டச் சொல்லுங்கள். டைம்லைனில் வைத்து இரண்டு இடங்களையும் பாருங்கள். கேமராக்கள் நொடிக்கு இத்தனை பிரேம் என்று நிலையாகப் பதியும். மொபைல்கள் பலவும் வெளிச்சத்திற்கு ஏற்ப இதைக் கூட்டிக் குறைக்கும். சில சாப்ட்வேர்கள் இதைச் சரியாகப் புரிந்து கொள்வதில்லை. 29.97 பிரேமை 30 என்று எடுத்துக் கொண்டால்கூட ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி விலகிவிடும். மந்திரம் ஒரு பக்கம், வாயசைவு ஒரு பக்கம் போகும். மீடியா இன்போ என்ற இலவச புரோகிராமில் பைலைத் திறந்தால், பிரேம் ரேட் மாறுகிறதா நிலையானதா என்று காட்டும். மாறுவதாக இருந்தால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச புரோகிராமில் திறந்து, வீடியோ பிரிவில் கான்ஸ்டன்ட் பிரேம்ரேட் என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிக் கொள்ளுங்கள்.

3. தமிழ் சரியாக வருகிறதா? டைட்டிலில் "கொடைக்கானல்", "ஸ்ரீ", "சௌந்தர்யா" என்று யூனிகோட் எழுத்துருவில் டைப் செய்து பாருங்கள். ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், மணமக்கள் பெயரைத் தவறாக அச்சடித்த பத்திரிகை போல் இருக்கும். அடோபி பிரிமியரில் இப்படி வந்தால் பிரிபரன்ஸஸ் பகுதியில் கிராபிக்ஸ் பிரிவுக்குச் சென்று, தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்கவும்.

4. திடீரென்று நின்றால் எவ்வளவு இழப்பு? அரை மணி நேரம் எடிட் செய்யுங்கள். சேவ் செய்யாமல் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்தவும். டாஸ்க் மேனேஜர் கிடைக்கும். அதில் அந்த சாப்ட்வேரைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க் கொடுக்கவும். மீண்டும் திறந்து, எத்தனை நிமிட வேலை போயிற்று என்று குறித்துக் கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்திற்கு மேல் போனால் ஆட்டோ சேவ் நேரத்தைக் குறைத்து மறுபடி சோதியுங்கள்.

5. இடம் மாற்றினால் கண்டுபிடிக்கிறதா? வீடியோ போல்டரை வேறு டிரைவுக்கு மாற்றிவிட்டு பிராஜக்டைத் திறக்கவும். எல்லாக் காட்சிகளும் காணவில்லை என்று காட்டும். பயப்பட வேண்டாம். புதிய போல்டரை ஒருமுறை காட்டினால் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக் கொள்ள வேண்டும். ஒவ்வொரு பைலாகக் கேட்கும் சாப்ட்வேர் தொழிலுக்கு உதவாது.

6. வெளியே வரும் பைல் சரியா? ஒரு மணி நேர வீடியோவை எக்ஸ்போர்ட் செய்து, முழுவதையும் உட்கார்ந்து பாருங்கள். கருப்பு பிரேம், விட்டுப் போன ஒலி, மூலையில் நிறுவனத்தின் முத்திரை எல்லாம் அப்போதுதான் தெரியும். டிவியிலும் போனிலும் ஓட்டிப் பாருங்கள். பென் டிரைவில் காப்பி செய்யும்போது பைல் மிகப் பெரியது என்று செய்தி வந்தால் அது சாப்ட்வேரின் குறை அல்ல. பேட்32 முறையில் பார்மட் செய்த டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரு பைலை வைக்க முடியாது. எக்ஸ்பேட் முறையில் பார்மட் செய்து, அதை வாடிக்கையாளரின் டிவி படிக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். பார்மட் செய்தால் டிரைவில் உள்ளவை அழிந்துவிடும் என்பது நினைவிருக்கட்டும்.

எவற்றைச் சோதிக்கலாம்?

நான் மூன்றைச் சொல்வேன். முதலாவது டாவின்சி ரிசால்வ். ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்துடையது. திரைப்படங்களுக்கு வண்ணத் திருத்தம் செய்யும் கருவியாகப் பெயர் பெற்ற டாவின்சியை அந்நிறுவனம் 2009ல் வாங்கியது. இதன் இலவசப் பதிப்பில் காலக்கெடு இல்லை. 3840க்கு 2160 என்ற 4கே அளவு வரை எக்ஸ்போர்ட் செய்யலாம், முத்திரை விழாது. கட்டணப் பதிப்புக்கு மட்டும் உரிய எபெக்ட்டைச் சேர்த்தால் முத்திரை வரும். கட்டணப் பதிப்பு பல ஆண்டுகளாக 295 டாலருக்கு, ஒரே தவணையாக விற்கப்படுகிறது. ஆனால் கம்ப்யூட்டரும் கிராபிக்ஸ் கார்டும் பலமாக இருக்க வேண்டும்.

இதில் புதியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ரிசால்வ் நம் பிராஜக்டைத் தனி பைலாக வீடியோ போல்டரில் வைப்பதில்லை. தன் சொந்தத் தகவல் தளத்தில் வைத்துக் கொள்கிறது. மாறாமல் விட்டால் அது சி டிரைவில்தான் இருக்கும். விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்ய சி டிரைவை பார்மட் செய்தால் வீடியோ இருக்கும், எடிட் செய்த வேலை போய்விடும். எனவே தினமும் வேலை முடிந்ததும் எக்ஸ்போர்ட் பிராஜக்ட் கொடுத்து வேறு டிரைவில் ஒரு பிரதி வையுங்கள். வேலை முழுவதும் முடிந்ததும் பிராஜக்ட் மேனேஜரில் ரைட் கிளிக் செய்து, எக்ஸ்போர்ட் பிராஜக்ட் ஆர்கைவ் கொடுத்தால் வீடியோ பைல்களும் சேர்ந்து ஒரே இடத்தில் பதியப்படும்.

இரண்டாவது அடோபி பிரிமியர். 1991ல் தொடங்கி, 2003ல் பிரிமியர் புரோவாக வளர்ந்தது. பெரிய ஸ்டுடியோக்களில் இதைப் பயன்படுத்துவோர் மிகுதி என்பதால், பிறரோடு பிராஜக்டைப் பகிர்ந்து வேலை செய்பவர்களுக்கு வசதி. ஆனால் 2013 முதல் அடோபி சந்தா முறைக்கு மாறிவிட்டது. சந்தா நின்றால் பழைய பிராஜக்டைத் திறக்க முடியாது. மாதா மாதம் வேலை வருகிறவர்களுக்குத்தான் இது கட்டுப்படியாகும். புதிய பதிப்பில் சேவ் செய்த பிராஜக்ட் பழைய பதிப்பில் திறக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

மூன்றாவது கேடென்லைவ். முற்றிலும் இலவசம், மூல நிரலும் திறந்தது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். இதன் பிராஜக்ட் பைல் எக்ஸ்.எம்.எல். என்ற எழுத்து வடிவில் இருப்பதால் நோட்பேடில் திறந்தால்கூட எந்தக் காட்சி எங்கே வைக்கப்பட்டது என்று தேடிப் பிடிக்கலாம். வண்ணத் திருத்தத்தில் ரிசால்வ் அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். சாதாரணக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

வாங்கக் கூடாதது

கம்ப்யூட்டர் விற்கும் கடையிலேயே, "எல்லா சாப்ட்வேரும் போட்டுத் தருகிறேன்" என்பார்கள். அது கிராக் செய்த பதிப்பாக இருக்கும். சட்டப்படி தவறு என்பது ஒரு பக்கம். அதை இன்ஸ்டால் செய்ய ஆன்ட்டி வைரஸை நிறுத்தச் சொல்வார்களே, அங்கேதான் ஆபத்து. பைல்களையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர்கள் இப்படிப்பட்ட கிராக் பைல்கள் வழியாகப் பரவியிருக்கின்றன. உங்கள் டிரைவில் இருப்பது அடுத்தவர் வீட்டுத் திருமணம் என்பதை மறக்காதீர்கள்.

நான் கடைப்பிடிக்கும் இரண்டு விதிகள்

ஒரு வேலை நடந்து கொண்டிருக்கும்போது சாப்ட்வேரையோ கிராபிக்ஸ் டிரைவரையோ அப்டேட் செய்ய மாட்டேன். வேலை முடிந்து, பைலைக் கொடுத்த பிறகே புதிய பதிப்பு. அதற்கும் முன் பிராஜக்ட்களின் பிரதி வெளி டிரைவில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு போல்டர். அதில் அசல் வீடியோ, பாடல், எழுத்துரு, பிராஜக்ட் பைல், இறுதி வீடியோ எல்லாம் ஒன்றாக இருக்கும். கூடவே நோட்பேடில் ஒரு சிறு குறிப்பு: எந்த சாப்ட்வேர், எந்தப் பதிப்பு எண், எந்தத் தேதி. பிராஜக்ட் என்றைக்காவது திறக்காமல் போனாலும் உயர்ந்த தரத்தில் எடுத்த இறுதி வீடியோ கையில் இருந்தால் அதை வெட்டி, பாட்டை மாற்றிக் கொடுத்துவிடலாம்.

ஆறு சோதனைகளையும் செய்து முடிக்க ஒரு சனி, ஞாயிறு போதும். முதல் அட்வான்ஸ் வாங்கும் முன் அந்த இரண்டு நாட்களை ஒதுக்கிவிடுங்கள். உங்கள் கேமரா பைல்களை வைத்து, உங்கள் கம்ப்யூட்டரில், இந்தச் சோதனைகளைத் தாண்டி வரும் சாப்ட்வேர்தான் உங்களுக்கு நல்ல சாப்ட்வேர்.