மாரிக்கு முன்: மெதுவாக ஓடும் வைப்பரைச் சரிசெய்தல்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டில் தங்கியிருந்துவிட்டு, ஒரு பழைய காரையோ வானையோ வாங்கிக்கொண்டு வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பும் குடும்பங்கள் பல. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுவது, சந்தைக்குச் சாமான் கொண்டுபோவது, ஆஸ்பத்திரிக்கு ஹயர் ஓடுவது என்று வீட்டின் வருமானமே அந்த வாகனத்தில்தான் தங்கியிருக்கிறது. வாங்கும்போது எஞ்சினைப் பார்ப்பார்கள், ரயரைப் பார்ப்பார்கள். வைப்பரைப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. அதன் குணம் ஐப்பசி, கார்த்திகையில், மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் இரவு மழையில்தான் தெரியவரும்.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடிவிடும். வைப்பர் ஒருமுறை போய்வர மூன்று செக்கன் எடுத்தால், 50 மீற்றர் தூரத்துக்கு நீங்கள் தண்ணீர்த் திரையினூடாகத்தான் பார்க்கிறீர்கள். விளக்கில்லாத சைக்கிளும் வீதியில் படுத்திருக்கும் மாடும் அந்த 50 மீற்றருக்குள் வரலாம்.

வைப்பர் மெதுவாக ஓடுகிறது என்றதும் "மோட்டர் பழுது, மாத்தவேணும்" என்று சொல்லும் கராஜ்கள் உண்டு. பல தடவை மோட்டரில் பிழையே இருக்காது. காசு கொடுக்கமுன் பின்வரும் சோதனையை ஒழுங்கு மாறாமல் செய்யுங்கள். ஒரு மணித்தியாலம் போதும்.

முதலில் கண்ணாடியை நன்றாக நனையுங்கள். காய்ந்த கண்ணாடியில் எந்த வைப்பரும் இழுபடும். எஞ்சினை ஓடவிட்டு வைப்பரைப் போட்டு வேகத்தைக் கவனியுங்கள். பிறகு நிறுத்தி, இரண்டு கைகளையும் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்தி மறுபடியும் போடுங்கள். தூக்கிய கை பொனற்றில் அடிபடாதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கியதும் வேகம் நன்றாகக் கூடினால் பிழை இறப்பரிலும் கண்ணாடியிலும்தான். லொறிப் புகையின் எண்ணெய்ப் படலத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். வெயிலில் வெடித்த இறப்பரை மாற்றுங்கள். இறப்பரை மண்ணெண்ணெயால் துடைக்கக் கூடாது, ஊதிப்போகும்.

தூக்கியும் வேகம் கூடாவிட்டால் அடுத்த கட்டம். இங்கேதான் பெரும்பாலான பழைய வாகனங்களின் நோய் இருக்கிறது.

பற்றரியின் ஒரு வயரைக் கழற்றுங்கள். இதைத் தவற விடாதீர்கள்: கை உள்ளே இருக்கும்போது மோட்டர் சுழன்றால் விரல் போய்விடும். வைப்பர் கை கண்ணாடியில் நிற்கும் இடத்தை ஒரு துண்டு ரேப்பால் அடையாளம் செய்தபின் நட்டைக் கழற்றி, கையை இரு பக்கமும் மெல்ல ஆட்டி எடுங்கள். ஸ்குறூ டிறைவரால் நெம்பினால் கண்ணாடி வெடிக்கலாம். அடுத்து மோட்டரிலிருந்து இணைப்புத் தண்டைப் பிரியுங்கள். இப்போது வைப்பர் தண்டுகளைக் கையால் திருப்பிப் பாருங்கள். இரண்டு விரலால் இலகுவாகத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் மோட்டர் தன் பலம் முழுவதையும் இங்கேதான் செலவழித்துக்கொண்டிருக்கிறது.

காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் நிறுத்தப்படும் கார்களில் இதை அதிகம் காணலாம். உப்புக் காற்றுப் பட்டால், உருக்குத் தண்டைச் சுற்றியிருக்கும் அலுமினிய உறையில் வெள்ளை மாவு போல ஒன்று படியும். அது ஊதித் தண்டை இறுக்கிப் பிடித்துவிடும். கொட்டாஞ்சேனையும் துறைமுகத்துக்கு அருகில்தான். போர்க் காலத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடாமல் வளவில் நின்ற வாகனங்களிலோ கிறீஸ் காய்ந்து சவர்க்காரக் கட்டி போலாகியிருக்கும்.

தண்டின் மேல் வாயில் துருநீக்கும் எண்ணெயை விட்டு இரவு முழுவதும் ஊறவிடுங்கள். இல்லாவிட்டால் மண்ணெண்ணெயில் கொஞ்சம் எஞ்சின் ஒயில் கலந்தும் விடலாம். காலையில் முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி இளக்குங்கள். இளகியதும் வேலை முடிந்துவிட்டதென்று விடுபவர்கள் பலர். துருநீக்கும் எண்ணெய் சில கிழமைகளில் காய்ந்துவிடும். அதைத் துடைத்து, தண்டுக்கு ஒயிலும் மூட்டுகளுக்குக் கிறீஸும் வைத்தால்தான் மாரி முழுவதும் தாங்கும்.

மொறிஸ் மைனர் வைத்திருப்போருக்குத் தனியாக ஒன்று. 1990களில் மண்ணெண்ணெயில் ஓடி யாழ்ப்பாணத்தைக் காப்பாற்றிய கார் அது. பிற்கால மைனர்களில் இணைப்புத் தண்டு கிடையாது. மோட்டரிலிருந்து ஒரு பல் வைத்த கேபிள் குழாயினுள் முன்னும் பின்னும் ஓடி, சிறு பல்லுச் சக்கரங்களைத் திருப்பும். அந்தக் குழாய்க்குள் பழைய கிறீஸ் இறுகினால் வைப்பர் ஊரத்தான் செய்யும். கேபிளை உருவி மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிறீஸ் தடவிப் போடுங்கள். பழைய போர்ட் அங்கிலியா 100ஈ போன்ற சில கார்களுக்கு மின் மோட்டரே இல்லை. எஞ்சினின் உறிஞ்சு விசையில் ஓடும் வைப்பர் அது. ஏற்றத்தில் அக்சிலேற்றரை மிதித்தால் வைப்பர் தூங்கிவிடும். அதற்கு உறிஞ்சு குழாயில் வெடிப்பிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மிச்சம் அதன் பிறவிக் குணம்.

தண்டுகள் இலகுவாகத் திரும்புகின்றனவா? அப்படியானால் மின்சாரத்தைப் பார்ப்போம். பற்றரி வயரைத் திரும்பப் பூட்டி, மோட்டரைத் தனியே ஓடவிட்டு, மோட்டரின் வயரில் வோல்ற் மீற்றரை வைத்துப் பாருங்கள். பற்றரியில் உள்ளதைவிட ஒரு வோல்ற்றுக்கு மேல் குறைவாகக் காட்டினால் வழியில் எங்கோ கசிகிறது. சுவிட்ச், பியூஸ் முனை, வயர்ப் பூட்டு மூன்றையும் சுரண்டித் துப்புரவாக்குங்கள். மீற்றர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: தடித்த வயர் ஒன்றை எடுத்து மோட்டரின் உடலிலிருந்து பற்றரியின் எர்த் முனைக்கு நேரே தொடுத்துப் பாருங்கள். உடனே வேகம் கூடினால் எர்த் சரியில்லை. எர்த் வயர் பூட்டிய இடத்தில் பெயின்றையும் துருவையும் சுரண்டி இறுக்கினால் தீர்ந்தது.

கவனம்: மொறிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் போன்ற பழைய பிரித்தானியக் கார்களில் எர்த் ஆவது பற்றரியின் பொசிற்றிவ் முனை. பின்னாளில் சிலர் மாற்றியும் இருப்பார்கள். உடலோடு தொடுத்த முனை எதுவென்று கண்ணால் பார்த்தபின்பே வயரைத் தொடுங்கள். டைனமோ உள்ள கார், வீதி நெரிசலில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் செய்யாது. பெரிய விளக்கும் போட்டிருந்தால் வைப்பர் களைத்துத்தான் போகும். எஞ்சின் வேகம் கூடும்போது வைப்பரும் சுறுசுறுப்பானால் வைப்பரைக் குறை சொல்லாதீர்கள், பற்றரியைப் பாருங்கள்.

பியூஸ் எரிந்தால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இறுகிய வைப்பரோடு இதைச் செய்தால் எரியப்போவது பியூஸ் அல்ல, வயர். தீ பிடித்தால் வாகனமே மிஞ்சாது.

வோல்ற் சரியாக வந்தும் தனியே ஓடும் மோட்டர் மெதுவாக இருந்தால் மட்டுமே மோட்டரைத் திறக்க வேண்டும். பல்லுப் பெட்டியின் காய்ந்த கிறீஸைக் கழுவி மாற்றுங்கள். காபன் தேய்ந்திருந்தால் காபன் மட்டும் வாங்கலாம். கரி பிடித்த செப்பு வளையத்தை மெல்லிய சாண்ட்பேப்பரால் துடைக்கலாம். அதற்கும் சரிவராவிட்டால் பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். பாவித்த உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன இடம் அது. பழைய மோட்டரைக் கையோடு கொண்டுபோய், கடைக்காரர் தருவதை அங்கேயே 12 வோல்ற் பற்றரியில் ஓடவிட்டு, இரண்டு வேகமும் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். நிறுத்தினால் தன் இடத்துக்கு வந்து நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஊருக்குப் போய்விட்டால் மாற்றித் தர அந்தக் கடை கிட்ட இருக்காது.

எல்லாவற்றையும் பூட்டியபின் மோட்டரை ஒருமுறை ஓடவிட்டு, அது தன் இடத்தில் நின்ற பிறகே ரேப் அடையாளத்துக்கு நேரே கைகளைப் பூட்டுங்கள். பிறகு ஒருவரை வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்லி, பெரிய விளக்கும் போட்டு, பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது ஓடி, சூடானதும் களைக்கும் மோட்டரும் உண்டு. அதையும் கொழும்பிலேயே கண்டுகொள்ளலாம்.