கண்டியில் ஓர் இரவு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ரொறன்ரோவிலிருந்து வரவிருந்த என் சித்தி மகள் ஏழு நாள் பயணத்திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கண்டிக்கு நேரே "காலை போய் மாலை திரும்பல்" என்றிருந்தது. இரவு தங்காமல் எப்படி என்று கேட்டேன். "ரோமில் நின்றுகொண்டு புளோரன்ஸ் போய் அன்றைக்கே திரும்பினோமே அண்ணா, அது இதைவிடத் தூரம்" என்றாள்.

தூரம் கூடத்தான். ஆனால் அங்கே அதிவேக ரயில் ஒன்றரை மணித்தியாலத்தில் இறக்கிவிட்டுவிடும். கொழும்பிலிருந்து கண்டி 115 கிலோமீற்றர். ரயிலில் இரண்டரை முதல் மூன்று மணித்தியாலம், வானில் வந்தால் மூன்றுக்கு மேல். வரக்காப்பொல, கேகாலை, மாவனல்லை என்று ஒவ்வொரு ஊர்ச் சந்தியிலும் நின்று நின்றுதான் கடுகண்ணாவை ஏற்றத்துக்கு வர முடியும். "இப்போது அதிவேகப் பாதை இருக்கிறதே" என்று பலர் சொல்கிறார்கள். 2022 ஜனவரியில் திறந்த பகுதி மீரிகமவிலிருந்து குருநாகலுக்குப் போவது. கண்டிவரை அது இன்னும் வரவில்லை.

அடுத்த நம்பிக்கைதான் பலருடைய பயணத்தைக் கெடுப்பது: தலதா மாளிகைக்குப் பகலில் எப்போது போனாலும் ஒன்றுதான் என்பது. மாளிகை நாள் முழுக்கத் திறந்திருக்கும், உண்மை. ஆனால் மேல்மாடியில் புத்தரின் தந்ததாதுப் பேழை இருக்கும் அறையின் கதவு பூசை வேளைகளில்தான் திறக்கும்: அதிகாலை 5.30, காலை 9.30, மாலை 6.30. இந்த மூன்றையும் பகல் பயணக்காரரின் மணிக்கூட்டோடு வைத்துப் பாருங்கள். ஆறு மணிக்குக் கொழும்பை விட்டால் நகருக்குள் நுழையப் பத்தாகும், காலைப் பூசை முடிந்திருக்கும். இருட்டுக்கு முன் மலை இறங்க வேண்டுமென்று நான்கு மணிக்கு வானில் ஏறினால் மாலைப் பூசையும் போயிற்று. மூடிய கதவைப் பார்த்துவிட்டு, "பெரிதாக ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு மனது கேட்பதில்லை.

மாலையில் வந்து பாருங்கள். ஆறரைக்குக் கொஞ்சம் முன்னால் கீழ்த்தளத்தில் முழவு தொடங்கும். அதன் அதிர்வு மேல்மாடிப் பலகைத் தளத்தின் வழியாக வெறுங்காலில் ஏறும். வெள்ளை உடுத்தவர்கள் நீல அல்லியும் தாமரையும் தட்டில் ஏந்தி வரிசையில் நகர்வார்கள். நீண்ட மேசை முழுக்கப் பூவாகிவிடும். கதவுக்கு முன்னால் உங்களுக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான். அங்கே தெரிவது பேழை மட்டும். தந்ததாதுவையே பார்த்தோம் என்று சிலர் ஊரில் போய்ச் சொல்கிறார்கள். அது மிக அரிதாகவே வெளியே வைக்கப்படும். கடைசியாக 2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை, அதுவும் பதினாறு வருடங்களுக்குப் பிறகு. பெரஹரா ஊர்வலமும் அப்படியே. அது எசல காலத்தில், ஜூலை ஓகஸ்டில் நடப்பது; எந்த இரவு வந்தாலும் யானை பார்க்கலாம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

குளிர் பற்றியும் ஒரு வார்த்தை. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர்தான். கம்பளிச் சட்டை நுவரெலியாவுக்கு. அது 1,868 மீற்றர்.

சரி, தங்குவது என்று முடிவாகிவிட்டது. எங்கே? "பல்லேகலவில் போடுங்கள், அமைதியாக இருக்கும், பதினைந்து கிலோமீற்றருக்குள்தானே" என்று ஆலோசனை வரும். அமைதி உண்மைதான். ஆனால் அங்கிருந்து மாலைப் பூசைக்கு வர, குண்டசாலை தாண்டித் தென்னக்கும்புர பாலத்தில் மகாவலியைக் கடந்து, கண்டி வாவியோரம் ஊர வேண்டும். அந்த நேரத்தில் கிலோமீற்றர் கணக்கு உதவாது. மாளிகைக்காகவே தங்குகிறவர் நடந்து போகும் தூரத்தில் அறை எடுப்பதே சரி.

அதற்காகப் பல்லேகலவில் கிரிக்கெட் மைதானத்தைத் தவிர ஒன்றுமில்லை என்பதும் பிழை. 2009இல் திறந்த அந்த மைதானத்தில் பகலிரவு ஆட்டம் முடியவே இரவு பத்தாகும்; அன்று கொழும்புக்குத் திரும்ப நினைக்கிறவர் விடியற்புறம்தான் வீடு சேர்வார். ஆட்டத்துக்கு வந்தால் பல்லேகலவிலோ திகனவிலோ தங்குங்கள். மறுநாள் விக்டோரியா அணைக்கட்டு பக்கத்தில். மெனிக்ஹின்ன பக்கம் போனால் தும்பறைப் பாய் நெய்வதைப் பார்க்கலாம்: கற்றாழை வகைச் செடியின் நாரை உரித்து, சிவப்பும் கறுப்பும் மஞ்சளும் ஏற்றி, தரையோடு தரையாகக் கிடக்கும் தறியில் யானையும் மானும் வரும்படி நெய்கிறார்கள். கிழக்கே நக்கிள்ஸ் மலைக்கோ, பதினெட்டு வளைவு இறங்கி மகியங்கனைக்கோ போகிறவருக்கும் பல்லேகலதான் வசதி. காலையில் நகர நெரிசலுக்குள் மாட்ட வேண்டியதில்லை.

எல்லோருக்கும் இந்த இரவு தேவை என்று நான் சொல்லமாட்டேன். பேராதனைத் தாவரவியல் பூங்கா மட்டும்தான் ஆசை என்றால் அது கொழும்பு வீதியிலேயே, நகருக்கு முன்னால் இருக்கிறது. 147 ஏக்கரை ஆற அமர நடந்துவிட்டு அன்றே திரும்பலாம். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையில் மண்சரிவு எச்சரிக்கை வந்திருந்தால் இரவைக் கூட்டுவதல்ல, மலைப் பயணத்தையே தள்ளிப் போடுவதுதான் நல்லது.

என் சித்தி மகளின் கவலை வேறு. "ஒரு இரவைக் கூட்டினால் கரையோரத்தில் ஒரு நாள் போய்விடுமே." இங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. விமானம் இறங்குவது கட்டுநாயக்கவில். அங்கிருந்து மினுவாங்கொடை, நிட்டம்புவ வழியாகக் கண்டி வீதியைப் பிடித்தால் கொழும்புக்குள் நுழையவே வேண்டாம். வந்த களைப்புக்கென்று கொழும்பில் போட்டிருந்த முதல் இரவைக் கண்டிக்கு மாற்றினால் போதும். ஒரு நாள்கூட அதிகமாகாது.

அப்படியே மாற்றினாள். காலையில் இறங்கிப் பகல் தூங்கி, மாலைப் பூசைக்குப் பூத்தட்டோடு நின்றார்கள். மறுநாள் விடியலில் வாவியைச் சுற்றி நடந்தபோது, இதை 1807இல் வெட்டுவித்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மதுரை நாயக்கர் வழி வந்தவன், கண்ணுசாமி என்பது அவன் பெயர், 1832இல் வேலூரில் சிறையிருந்தே இறந்தான் என்று சொன்னேன். அவளுடைய மூத்த மகன் நடப்பதை நிறுத்திவிட்டு, "பிறகு அவர் இங்கே திரும்பி வரவே இல்லையா மாமா?" என்று கேட்டான்.